எண்ண முடிந்த மரங்கள்

அட்டை மில் முதலாளிக்கு இரண்டாவது புகைபோக்கி கட்ட அனுமதி வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வியாழக்கிழமை வருகிறார். அதற்குள் ஆபீஸ் சுவரில் பெரிய எண்ணெய் வண்ணப் படம் ஒன்று தொங்கியாக வேண்டும். மில்லுக்குப் பின்னால் இருக்கிற வயலும் மலையும் அதில் பளிச்சென்று இருக்க வேண்டும். மனுஷனுக்குத் திடீரென்று கலை ரசனை பொங்கிவிட்டதாக்கும்!

ஓவியர் முறையாகத்தான் வரைந்திருந்தார். முன்னால் புல் அடர்பச்சை, நடுவில் வயல் கொஞ்சம் வெளுத்து, கடைசியில் மலை வெளிர்நீலத்தில் ஓரம் கரைந்து. பார்த்ததும் முதலாளிக்குச் சுருக்கென்றது.

"இது என்ன, மலை மேல புகையா?"

தூரம் போகப் போக நடுவில் இருக்கிற காற்று எதையும் மங்கலாக்கும், படத்தில் தூரம் தெரிவதே அதனால்தான் என்று ஓவியர் பொறுமையாகச் சொன்னார். யார் காதில் பூ சுற்றுகிறாய் என்று முதலாளி எகிறினார். மரங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாராம். ஓவியருக்கு மனசே இல்லை. ஆனாலும் போட்டுத் தொலைத்தார், மரத்துக்கு மரம் கிளை, கிளைக்குக் கிளை இலை. மலை, வேலி தாண்டிய மாடு மாதிரி முன்னால் வந்து நின்றது. முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

வியாழக்கிழமை ஜன்னல் திரையை இழுத்து மூடி, பக்கத்திலேயே படத்தை மாட்டினார். வண்ணம் காயாததால் யாரும் தொட்டுவிடாமல் ஓவியரையே காவலுக்கு நிறுத்தினார்.

அதிகாரியம்மா கோப்பைத் திறக்குமுன் படத்தைப் பார்த்து, இந்த மலை எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஏதோ வெளிநாடு என்று புளுகியிருக்கலாம். பெருமை விட்டால்தானே! இதோ, நம்ம ஜன்னலுக்கு வெளியேதான் என்று முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார். சொல்லி முடிப்பதற்குள் அந்தம்மா திரையை விலக்கிவிட்டார்.

வெளியே சாம்பல் நிறத்தில் என்னமோ இருந்தது. அதற்குள் மலை இருப்பதாக நம்ப வேண்டியதுதான்.

 முதலாளி சட்டென்று ஓவியர் பக்கம் கையைக் காட்டினார்.

"தூரத்துல இருக்கிறது மங்கலாத்தான் தெரியும் மேடம். நடுவுல காத்து இருக்குல்ல? இவரையே கேளுங்க."

அதிகாரியம்மா படத்துக்குக் கிட்டே போய், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தொடாமலே மரம் மரமாக விரலை நகர்த்தினார்.

"அப்படின்னா இதுல மட்டும் எப்படிங்க எண்ண முடியுது?"

அதிகாரியம்மா கோப்பைத் திறந்தார். அவர் மனுவின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுக் கிளம்பினார்.

முதலாளி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். ஓவியர் தூரிகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"வண்ணம் இன்னும் காயல முதலாளி. மலையைப் பழையபடி மாத்திடவா?"