பின் சீட்டு

என் வீட்டுக்காரர் ஒரு முதலாளிக்கு டிரைவர். பதினாறு வருஷம் ஓட்டிய பெரிய காரை, முதலாளி புதுசு வாங்கியதும் இவரே வாங்கிக்கொண்டார். "இந்தக் கிழட்டு யானைக்கு யார் தீனி போடுறது?" என்று கத்தினேன். காதில் போட்டுக்கொண்டால்தானே!

ஞாயிறு தவறாமல் அதற்கடியில் படுத்துக் கிடந்தார். பிரேக்கை மாற்றினார், ஸ்டியரிங்குக்குத் தோல் உறை தைத்தார், டாஷ்போர்டு மரத்தை முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தார். இப்படியே மூன்று வருஷம்.

நேற்று, "வேலை முடிஞ்சுது, ஏறு" என்றார். முதலாளியம்மா மாதிரி போவோமே என்று பின்னால் ஏறினேன். ஸ்பிரிங் ஒன்று சுருக்கென்று குத்தியது. எனக்கு வந்ததே கோபம்!

"மூணு வருஷமா என்னத்தைக் கிழிச்சீங்க? இங்க ஸ்பிரிங் குத்துறது உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார்.

"அங்க நான் உட்கார்ந்ததே இல்லையே."

இறங்கி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். "வாங்க, உட்கார்ந்து பாருங்க. அப்பதானே எங்க குத்துதுன்னு தெரியும்."

தயங்கித் தயங்கி வந்தார். சொந்தக் கார்தான். ஆனாலும் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் ஏறினார்.