இரண்டு பலகைக் காடு

1

இந்தக் கதை ஒரு பாட்டில் கழுவும் பிரஷ்ஷிலிருந்து முளைத்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. போன வாரம் சமையலறையில் அதைக் கழுவி, கைப்பிடி கீழே இருக்கும்படி நிமிர்த்திப் பார்த்தேன். சின்ன நெட்டிலிங்க மரம் மாதிரி நின்றது. கைதவறித் தரையில் விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை.

விழுந்தாலும் உடையாத மரம் யாருக்குத் தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்தேன். பொம்மை ரயில் வைத்திருக்கிற ஒருவனுக்கு. ஆனால் வீட்டில் மேசைமேல் ஓடுகிற ரயிலுக்கு எந்த மரமும் போதும். ஊர் ஊராகப் போகிற ரயிலுக்குத்தான் உறுதியான மரம் வேண்டும். ஆகவே ரயிலை மாட்டு வண்டியில் ஏற்றினேன். வண்டிக்குப் பாதை வேண்டும். எனக்கு நன்றாகத் தெரிந்த பாதைகள் மதுரையைச் சுற்றித்தான் இருக்கின்றன. வருஷம் 1936 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வரிகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

‘மாட்டு வண்டியில் ஒரு ரயில் வந்து’ (கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. வேண்டாம்.)

‘நாகமலையின் முதுகில் வெயில் ஏறிக்கொண்டிருந்த அந்தக்’ (வெயில் ஏறட்டும், ஆட்கள் எங்கே?)

‘பாண்டியம்மாளுக்கு மலையாண்டி இரண்டாவது புருஷன், மலையாண்டிக்குப் பாண்டியம்மாள் இரண்டாவது பெண்டாட்டி.’

இது நிற்கிறது. இங்கிருந்து போகலாம்.

2

பாண்டியம்மாளின் முதல் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். மலையாண்டியின் முதல் மனைவி சோலையம்மாள் போகவில்லை. ஊர்க்கூட்டத்தில் முறைப்படி தீர்த்துக்கொண்டு, வாடிப்பட்டிப் பக்கம் ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரரைக் கட்டிக்கொண்டு நன்றாக இருந்தாள். இதில் யாரும் யாரையும் குறைசொல்லவில்லை. அறுத்துக் கட்டுவது அவர்கள் வழக்கத்தில் உள்ளதுதான்.

மலையாண்டியின் பிழைப்பு அந்த ரயில். சாவி கொடுத்தால் ஓடும் தகர இஞ்சின், மூன்று பெட்டி. சீமைக்குத் திரும்பிய ஒரு துரை வீட்டுச் சாமான்கள் மதுரையில் ஏலம் போனபோது, யாரும் கேட்காமல் கிடந்த பெட்டியை அவன் எடுத்து வந்தான். இரண்டு பலகைகளில் தண்டவாளத்தை அடித்தான். பலகைகளைச் சேர்த்து வைத்தால் ஒரு கட்டில் அகலத்துக்கு ஊர் உண்டாகும். ஒரு பலகையில் ஸ்டேஷனும் தண்ணீர்த் தொட்டியும், மற்றதில் பாலமும் மலையும். சந்தை, திருவிழா எங்கே நடந்தாலும் பலகைகளுக்கு வைக்கோல் அணைகொடுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான். பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிக நேரம் நின்று பார்த்தார்கள்.

ஊரென்றால் மரம் வேண்டுமே. அவை சோலையம்மாள் செய்தவை: குச்சியில் பச்சைக் காகிதத்தை வெட்டிப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய மரங்கள். ஒவ்வொரு சந்தைக்கும் வண்டி குலுங்கிப் போய்ச் சேர்வதற்குள் பாதி மரம் சாய்ந்திருக்கும். மீதி மரங்களின் பசையைக் கரப்பான் தின்றிருக்கும். மலையாண்டி சாயங்காலமானால் பசைக்கிண்ணத்தோடு உட்கார்ந்துவிடுவான். இலை இலையாக எடுத்து, ஊதி, ஒட்டுவான்.

பாண்டியம்மாள் எதிரில் உட்கார்ந்து அதைப் பார்ப்பாள். அவள் வண்டியில் ஏறி நாலைந்து மாதம் ஆகியிருந்தது. அந்த மரங்களை யார் செய்தது என்று அவளுக்குத் தெரியும். எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே ஒரு பதிலை வைத்துக்கொண்டாள்.

(இந்த இடத்தில் எனக்குப் பாண்டியம்மாள்மேல் சந்தேகம் வந்தது. சோறு, தண்ணீர், மாட்டுத்தீவனம் என்று ஆயிரம் கவலை இருக்கிறவள் காகித மரத்துக்காக மனத்தைப் போட்டு உழப்பிக்கொள்வாளா? இரண்டு நாள் எழுதாமல் விட்டுவைத்தேன். பிறகு, எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆள் தன்னைப் பார்க்காமல் வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பதைத் தினமும் பார்க்கிறவளாக அவளை நினைத்தேன். சந்தேகம் போய்விட்டது.)

3

கோரிப்பாளையம் தர்காவில் கந்தூரித் திருவிழாக் கூட்டம். ரயில் பாலத்தைத் தாண்டி ஸ்டேஷனை நெருங்கும்போது ஒரு காகித மரம் தண்டவாளத்தின் குறுக்கே சாய்ந்தது. இஞ்சின் அதில் ஏறி, பலகையைவிட்டு இறங்கி, தரையில் தலைகுப்புற விழுந்தது. கூட்டம் சிரித்தது. மலையாண்டி சிரிக்கவில்லை.

அங்கேயே கடிகாரக் கடை வைத்திருந்த பாய் அதைப் பிரித்து நிமிர்த்திக் கொடுத்தார். “அண்ணே, இன்னொருவாட்டி விழுந்துச்சுன்னா இதுல சாவி நிக்காது. நானும் கைய விரிச்சிருவேன். பாத்துக்கங்க.”

வண்டியில் திரும்பும்போது பாண்டியம்மாள் சொன்னாள்:

“மரத்த மாத்தணும்.”

“இருக்கட்டும்.”

“சாஞ்சு சாஞ்சு விழுகுதுல்ல. நான் வேற செஞ்சு தாரேன்.”

“இருக்கட்டும்ங்கிறேன்ல. ஒட்டிக்கிறலாம்.”

அவள் அதற்குமேல் பேசவில்லை. பேசாமல் செய்ய ஆரம்பித்தாள்.

4

முதலில் நிஜமான செடிக்குச்சிகளை வெட்டி நட்டுப் பார்த்தாள். ஒரு வெயிலில் காய்ந்து, தொட்டால் பொடியானது. அடுத்தது பீர்க்கங்கூடு, முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் நார்க்கூடு. அதைப் பிய்த்துச் சாயம் முக்கினால் தூரத்திலிருந்து பார்க்க அசல் புளியமரம். நாகமலை புதுக்கோட்டையில் அவர்கள் சில வாரம் தங்கியிருந்த வீட்டின் பின்னால் அவற்றை வரிசையாகக் காயவைத்தாள். பக்கத்து வீட்டு வெள்ளாடு வந்து அந்தத் தோப்பை முழுக்க மேய்ந்துவிட்டுப் போனது.

(ஆடு எனக்குத் திட்டத்தில் இல்லை. ‘பீர்க்கங்கூடு நன்றாக அமைந்தது’ என்று எழுதிவிட்டிருந்தேன். அப்படியென்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.)

ரயில் பாதையோரம் வேலியாக நிற்கிற கற்றாழை கடைசியில் கைகொடுத்தது. அந்த மடலை ஊறவைத்து அடித்து நாரெடுத்துக் கயிறு திரிக்கிறவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். ஒரு கட்டு நார் வாங்கி வந்தாள். அவுரி நீலத்தையும் மஞ்சளையும் கலந்து பச்சை ஏற்றினாள்.* இரண்டு கட்டுக்கம்பிகளை எடுத்து, ஒரு நுனியை வண்டிச் சக்கரத்து ஆரக்காலில் கட்டினாள். கம்பிகளுக்கு நடுவில் நாரைத் துண்டு துண்டாகப் பரப்பி, மறுநுனியில் குச்சியைக் கோத்து முறுக்கினாள். முறுக்க முறுக்க நார் நாலு பக்கமும் சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. கத்தரிக்கோலால் சுற்றி நறுக்கினாள். மேலே குவிந்தால் நெட்டிலிங்கம், விரிந்தால் வேம்பு. அடியில் பழந்துணி சுற்றித் தச்சர்களின் வச்சிரப் பசை தடவியதும் மரத்துக்குப் பட்டை வந்தது. கீழே மிஞ்சிய கம்பியைப் பலகையில் ஓட்டை போட்டுச் செருகினால் வேர்.

ஆடு வந்தது. ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பியது. பாண்டியம்மாள் இன்னொன்றைத் தரையில் போட்டு, அதன்மேல் வண்டிச் சக்கரத்தை ஏற்றி இறக்கினாள். மரம் அப்பளமாகக் கிடந்தது. எடுத்து நிமிர்த்தி, விரலால் கோதிவிட்டாள். நின்றது.

* மஞ்சள் சாயம் வெயிலில் வெளுக்கும் என்பது இதை எழுதி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்படியானால் சில மாதங்களில் காடு நீலமாகியிருக்க வேண்டும். திருத்தவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் நாகமலையும் நீலமாகத்தான் தெரிகிறது.

மலையாண்டி ஒரு மரத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வளைத்தான், விட்டான்.

“நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப எல்லாத்தையும் மாத்திருவமா?”

மரத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தான். “பாலத்துப் பலகையில நீ நட்டுக்க. ஸ்டேசன் பக்கம் இருக்கிறது இருக்கட்டும்.”

அப்படித்தான் ரயில் இரண்டு காடுகளுக்குள் ஓட ஆரம்பித்தது. ஒரு பாதி கம்பி மரம். மறுபாதி காகித மரம். பாண்டியம்மாள் தன் பாதியைத் தினமும் துடைத்து வைத்தாள். மறுபாதியைத் தொடவில்லை. இஞ்சின் காகிதக் காட்டுக்குள் நுழையும்போதெல்லாம் தண்டவாளத்தையே பார்த்தபடி நின்றாள்.

5

வாடிப்பட்டிச் சந்தைக்குச் சோலையம்மாள் வருவாள் என்பது உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்தது. எப்படிச் சந்திக்க வைப்பது என்பதில்தான் தடுமாற்றம்.

‘“உன் மரம் என் மரத்தைப் பார்த்து”’ (இரண்டு பெண்கள் சண்டை. யாருக்கும் வேண்டாம்.)

‘சோலையம்மாள் தான் செய்த மரங்களைப் பார்த்ததும் கண்கலங்கி’ (அவள் கலங்க மறுத்துவிட்டாள்.)

அவள் இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பெண்பிள்ளையுமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மலையாண்டியைப் பார்த்து, “சௌக்கியமா?” என்றாள். அவன் சாவி கொடுத்தபடியே தலையாட்டினான். பிறகு அவள் பலகையைப் பார்த்தாள்.

“இந்தக் கருமத்த இன்னுமா வச்சிருக்காரு?”

பாண்டியம்மாள் கையிலிருந்த துடைதுணியைக் கீழே வைத்தாள். “நீங்க செஞ்சதுன்னுதான்க்கா...”

“நான் செஞ்சதா? ஒரு நாள் மழை, வெளிய போக முடியல. பொழுது போகாம வெட்டி ஒட்டுனேன்த்தா. ரெண்டு சந்தைக்குத் தாங்குனாப் போதும், பெறகு உருப்படியாச் செய்வோம்னு சொன்னேன். கேட்டாத்தான.” கம்பி மரம் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். “இது யாரு, நீயா?”

“ஆமாக்கா.”

“இம்புட்டுச் சிலுத்துக்கிட்டு நிக்குதே. எப்புடி?”

பாண்டியம்மாள் கம்பியையும் நாரையும் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் வந்தது. பிறகு, கேட்கக்கூடாது என்று இருந்ததையும் கேட்டுவிட்டாள்.

“நீங்க ஏன்க்கா தீத்துக்கிட்டீங்க?”

“வண்டி எனக்கு ஒத்துக்கலத்தா. ஊர் ஊராப் போயிப் பொங்கித் திங்க என்னால ஆகல. ஒரே கெணறு, ஒரே அடுப்புன்னு இருக்கணும் எனக்கு. அவரு நல்ல மனுசன்தான். உனக்கு வண்டி ஒத்துக்கிருச்சா?”

“ஒத்துக்கிருச்சு,” என்றாள் பாண்டியம்மாள். அதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடமும்.

பெண்பிள்ளை மரம் வேண்டுமென்று இழுத்தது. சோலையம்மாள் சாவகாசமாகக் கைநீட்டி, ஒரு காகித மரத்தைப் பிடுங்கி அதன் கையில் கொடுத்தாள். பாண்டியம்மாள் மலையாண்டியைப் பார்த்தாள். அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். இஞ்சின் சுற்றி முடித்து நின்றது.

“ஒன்னு போதுமா பாப்பா?” என்றான். “அதையும் எடுத்துக்க.”

பிறகு மற்றப் பிள்ளைகளும் கை நீட்டின. சந்தை கலைவதற்குள் ஸ்டேஷன் பக்கம் மொட்டையாகிவிட்டது.

6

அன்று சாயங்காலம் வண்டியோரம் உலை கொதித்துக்கொண்டிருந்தது. மலையாண்டி பழக்கத்தில் பசைக்கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டு, ஒட்ட ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

“அந்த அக்கா ஞாபகமாத்தான வச்சிருந்தீங்க?” என்று பாண்டியம்மாள் கேட்டாள்.

“எத?”

“மரத்த.”

அவன் நிஜமாகவே யோசித்தான். “அவ போன பெறகு வண்டியில பேச ஆளில்ல. ஒட்டிக்கிட்டிருந்தாப் பொழுது தெரியாது. அப்புடியே பழகிப்போச்சு.”

“நான் வந்த பெறகும் ஒட்டிக்கிட்டுத்தான இருந்தீங்க?”

“நீதான் பேசவே மாட்டேங்கிறியே. உனக்கு வண்டி பிடிக்கல, என்னைக்கு வேணாலும் எறங்கிப் போயிருவன்னு நெனச்சேன். எல்லா மரத்தையும் செஞ்சு முடிச்சிட்டீன்னா, அப்பறம் இங்க உனக்கு என்ன வேலை? அதான் பாதிய மிச்சம் வச்சேன்.”

பாண்டியம்மாள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். சிரிப்பு வந்தது, அடக்கவில்லை. அவனும் சேர்ந்துகொண்டான்.

(இதற்கு மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அவர்கள் பெரிய காட்சிக்கூடாரம் போடுகிறார்கள். ஒன்றில் ரயில் விழுந்து போகிறது, மரங்கள் மட்டும் மிஞ்சுகின்றன. ஒன்றில் பிள்ளை பிறக்கிறது. எல்லாமே நடந்திருக்கலாம். ஆனால் அவர்கள் இப்படிச் சிரித்த பிறகு அவர்களை எங்கும் இழுத்துப்போக எனக்கு மனசில்லை.)

சோறு இறக்கிய பிறகு அவள் ஒரு ஜோடிக் கம்பியை எடுத்து ஒரு நுனியை அவன் கையில் கொடுத்தாள். “இழுத்துப் பிடிங்க. விட்டுறக் கூடாது.” நாரைப் பரப்பினாள். மறுநுனியிலிருந்து முறுக்கினாள். அவனுக்கு முறுக்கு விரலில் ஏறி வலித்தது, விடவில்லை. நார் சிலிர்த்து எழுந்தது. கத்தரிக்கோலை எடுத்தாள்.

ஸ்டேஷன் வாசலுக்கு முதல் மரம் இது. எப்படி நறுக்குகிறாளோ அதுதான் மரம்.

“என்ன மரம் இது?” என்றான் மலையாண்டி.

அவள் சொன்ன பதிலை நான் எழுதப் போவதில்லை. உங்கள் ஊர் ஸ்டேஷன் வாசலில் ஒரு மரம் நிற்குமல்லவா, வெயிலுக்கு ஒதுங்கி நீங்கள் யாருக்காகவோ காத்துக்கொண்டிருந்த மரம். அதன் பெயரைக் கீழே எழுதிக்கொள்ளுங்கள். பாண்டியம்மாள் நறுக்கிவிடுவாள்.

“............... மரம்,” என்றாள்.