பென்சில் மேல் மை

தம்பி பென்சில் போடுகிறவன், அக்கா அதன்மேல் மை போடுகிறவள். ஒரே படக்கதைப் பத்திரிகைக்கு, ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்து வேலை. பென்சில், மை, வண்ணம், எழுத்து என்று நாலு கை மாறித்தான் பக்கம் ஆசிரியரிடம் போகும். வண்ணம் யார், எழுத்து யார் என்று இவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் ஆபீசுக்கு வசதி.

பெயரும் போடமாட்டார்கள். தம்பி வரைந்த ஒற்றைக் காதுப் பூனை இன்று ஊரிலுள்ள பள்ளிப் பைகளிலெல்லாம் சிரிக்கிறது. பெற்றவன் பெயர் எங்கேயும் இல்லை. கேட்டால், "சங்கம் கிங்கம்னு கிளம்பினா இனி ஒரு பக்கம் கிடையாது" என்கிறார் ஆசிரியர். தம்பிக்கோ படம் வரைவதைத் தவிர வேறு பிழைப்பு தெரியாது. ஆனாலும் ரகசியமாக ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான்.

அக்காவுக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் அவன் வரைந்த பக்கத்துக்குள்ளேயே பென்சிலால் எழுதிவிடுவான். 'இங்கே இருட்டு.' 'அம்மாவுக்கு மாத்திரை வாங்கு.' அவள் படித்துவிட்டு அழிப்பாள். அதுதான் வழக்கம்.

செவ்வாய்க்கிழமை காலையில் போன் வந்தது.

"கடைப் பலகையில எழுதியிருந்தேனே, அழிச்சிட்டியாக்கா?"

"எந்தப் பலகைடா?"

அக்கா நேற்று ஸ்கேன் செய்து அனுப்பிய பக்கத்தைத் திறந்தாள். படத்திலிருந்த கடைப் பலகையில் கொட்டை எழுத்தில், அவளுடைய அழகான கறுப்பு மையில்: 'சங்கக் கூட்டம், வியாழன் மூணு மணி, பழைய அச்சகம் மாடி.' பன்னிரண்டு வருஷமாகக் கோட்டைக் கண்டால் மை போட்டே பழகிய கை. கண் படிக்கவேயில்லை.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நீ சங்கத்தையே ஊதிட்டியேக்கா!" தம்பி சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

பக்கத்தைத் திருப்பிக் கேட்கலாமா? கேட்டால் ஏன் என்பார்கள். தானே போய் மாட்டிக்கொண்ட கதையாகும். இரண்டு நாள் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், கழுவிய தூரிகையையே திரும்பக் கழுவினாள். போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். தம்பி வாயில் நானே மண்ணைப் போட்டுவிட்டேனே என்று தன் கையையே வெறுத்தாள்.

கூட்டத்தை நிறுத்தினால் இனி யாரும் வரமாட்டார்கள் என்றான் தம்பி. வியாழக்கிழமை அந்த மாடியில் அக்கா, தம்பியோடு சேர்த்து ஏழு பேர் இருந்தார்கள். மூன்று அடித்ததும் படியில் காலடிச் சத்தம். ஆசிரியர்தான் என்று நினைத்து, அக்கா தம்பியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

வந்தது ஒல்லியான ஒரு பெண்ணும், மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பருத்த மனிதரும்.

"நான் வண்ணம்," என்றாள் அந்தப் பெண். "பலகையைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கண்ணுல படக்கூடாதுன்னு சாம்பல் அடிச்சேன்."

"அடிச்சும் பளிச்சுன்னு தெரிஞ்சுது," என்றார் பருத்தவர். "நான் எழுத்து. பலகை மேலயே ஒரு பேச்சுப் பலூனை வெச்சு மூடிட்டேன்."

தம்பி விழித்தான். "அங்க பேச ஆளே இல்லையே சார், ஒரு நாய்தானே நிக்குது?"

"நாய்தான் பேசுது. 'வள்'ளுன்னு. ஆசிரியர் ரசிச்சுச் சிரிச்சாராம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு தம்பி ஒரு தாளை எடுத்தான். "பேரைப் பென்சில்லயே எழுதுவோம். யாருக்காவது பயம் வந்தா அழிச்சிக்கலாம்."

தாள் சுற்றி வந்து கடைசியில் அவளிடம் நின்றது. தன் பெயரையும் பென்சிலில் எழுதினாள். பிறகு பையிலிருந்து மைப் பேனாவை எடுத்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு பெயரையும் நிதானமாகப் படித்தாள்.

"போடட்டுமா?" என்றாள்.

வண்ணக்காரிதான் முதலில், "போடுங்க" என்றாள். ஒருவர் பின் ஒருவராகத் தலையசைத்தார்கள்.

அவள் தம்பி பெயரிலிருந்து ஆரம்பித்தாள்.