கீழ்க்கண்

இனி வைத்தியமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு, புனிதா புருஷனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நான் செத்தா மாலை போட ஒரு நல்ல படம் வேணும். போன்ல வேணாம், அதுல நான் பேய் மாதிரி இருக்கேன். ஐசி கார்டுல உள்ள படத்தப் பெருசாக்கி மாட்டுனீங்க, எழுந்து வந்து கேப்பேன்."

கல்யாண ஆல்பத்தை எஸ்டேட் லயத்து வீட்டிலேயே கரையான் தின்று தீர்த்திருந்தது. அந்தப் படங்களை எடுத்தது மாதிரியே ஒரு பழைய கேமராவை ஈப்போ ஞாயிற்றுச் சந்தையில் தேடிப் பிடித்தான் பிச்சைமுத்து. மேலொன்றும் கீழொன்றுமாக அதற்கு இரண்டு கண்கள்.

ஒரு வாரம் யூடியூப்பே கதியென்று கிடந்தான். ஃபிலிம் போடாமலே பழகினான். நெஞ்சோடு அணைத்துக் குனிந்து பார்த்தால் மேல் கண்ணாடியில் புனிதா இடம் வலம் மாறித் தெரிந்தாள். கேமராவை இந்தப் பக்கம் திருப்பினால் அவள் அந்தப் பக்கம் ஓடினாள். முப்பது வருஷம் லாரியை ரிவர்ஸ் எடுத்தவனுக்கு இதில் வேர்த்துக் கொட்டியது. அவள் சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும். வந்தது.

"ரெண்டு கண்ணு எதுக்குங்க?"

"மேல உள்ளது சும்மா பாக்க. கீழ உள்ளதுதான் படம் புடிக்கும். வேலையெல்லாம் அதுக்குத்தான்."

"நம்ம வீடு மாதிரின்னு சொல்லுங்க."

கையில் இருந்தது ஒரே சுருள், பன்னிரண்டு படம். இடத்தை அவளே சொன்னாள்: ஆயர் தாவார் பக்கம், அவள் பிறந்த தோட்டத்து முனியாண்டி கோயில். ரப்பர் போய் செம்பனை வந்து, லயங்களும் போய், கோயில் மட்டும் நிற்கிறது.

காலை வெயில் நன்றாக இருந்தது. கேமராவைப் படியில் வைத்து, மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவளுக்கு நாற்காலி எடுக்கக் காருக்குப் போனான். திரும்பி வந்தபோது கோயில் சந்தனக் கிண்ணமும் குங்குமமும் அவள் பக்கத்தில் இருந்தன. மோதிர விரல் மஞ்சளாக இருந்தது.

"சாமிகிட்ட சொல்லிட்டேன். எடுங்க."

அவன் கேமராவைப் பின்பக்கமாகத் தூக்கி நெஞ்சில் வைத்துக் குனிந்தான். "என்னப் பாக்காத. கீழ்க்கண்ணப் பாரு."

பார்த்தாள். பன்னிரண்டாவது படத்தில் சிரித்தாள். கண்ணாடியில் அந்த முகத்தைக் கண்டதும் பொத்தானை அழுத்தினான். சுருளை எடுத்து, காகித வாலை எச்சில் தொட்டு ஒட்டி, கேமராவை அப்படியே தோலுறையில் போட்டான்.

அவளைத் தனியே விட்டு ஈப்போ போக முடியாமல் சுருள் வீட்டிலேயே கிடந்தது. மூன்றாவது வாரம் புனிதா போய்விட்டாள். "ஐசி படத்தயாவது வைப்போம் மாமா," என்றாள் அவள் தங்கை தினேஸ்வரி. "படம் வருது!" என்று எரிந்து விழுந்தான். பெட்டிக்கருகே படம் வைக்கும் இடம் காலியாகவே இருந்தது.

இறுதிச் சடங்கு முடிந்த கையோடு சுருளை ஈப்போவில் ஒரு கடையில் கொடுத்தான். கழுவிய ஃபிலிமைக் கடை முதலாளி சீனத் தவுக்கே வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் எண்கள் இருந்தன. நடுவில் ஒன்றுமே இல்லை.

"கோசோங் லா, பாங். ஒண்ணுமே இல்ல. மூடியக் கழட்டலியா?" என்று மலாயில் கேட்டார்.

"நானே கழட்டினேன்!"

காரிலிருந்த கேமராவைக் கொண்டுவரச் சொன்னார். உறையைத் திறந்தவர் அதை அவன் பக்கம் திருப்பினார். கீழ்க்கண்ணை முழுக்க அடைத்துக் காய்ந்த சந்தனம், அதன் நட்டநடுவில் குங்குமம். சைக்கிளிலிருந்து ரைஸ் குக்கர் வரை, வீட்டுக்கு வந்த எதையும் அவள் பொட்டு வைக்காமல் விட்டதில்லை. வேலை செய்யும் கண் எது என்று அவளுக்குச் சொன்னவன் இவன்தான். அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டுதான் பன்னிரண்டு தடவையும் உட்கார்ந்திருந்தாள்.

தவுக்கே துடைக்கப் பஞ்சை நனைத்தார். சந்தனத்தின் ஓரத்தில் அவள் விரல் ரேகை தெரிந்தது.

"ஜாங்கான்! வேணாம்!" என்று கத்திக் கேமராவைப் பிடுங்கிக்கொண்டான். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கருமாதியன்று ஐசி படம்தான் சுவரில் ஏறியது. சிரிப்பில்லாத, வெளிறிய முகம். தினேஸ்வரி மாலையைப் போட்டுவிட்டுச் சந்தனக் கிண்ணத்தை அவனிடம் நீட்டினாள்.

"பொட்டு வைங்க மாமா. நீங்கதான் வைக்கணும்."

விரலைச் சந்தனத்தில் தொட்டான். படத்தருகே கொண்டுபோனான். கை அங்கேயே நின்றுவிட்டது.