கரடியூர்க் காட்டில் விழுந்த பெருக்கல் குறி

கரடியூர் அத்தாயியின் ராகிக் காட்டில், செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, மூலைக்கு மூலை இரண்டு பள்ளங்கள் விழுந்து பெருக்கல் குறிபோலக் குறுக்கே வெட்டிக்கொண்டன. ஆள் இறங்கினால் தலை தெரியாத ஆழம். கதிர் பிடித்திருந்த ராகியில் பாதி உள்ளே போயிற்று. கோழிக்கூடு ஒரு கரையிலும் கோழிகள் மறுகரையிலும் நின்றன. வந்து பார்த்த அதிகாரி, இருபது நாளாக ஒரு தூறல்கூட இல்லாத ஊரில், மழைச் சேதம் என்று எழுதிக்கொண்டு போனார்.

காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவள் பர்ஹானா. ஏற்காட்டில் அப்பாவின் செல்போன் கடையில் உட்கார்ந்து கொரியத் தொடர்களாகப் பார்த்துத் தள்ளி, அந்தப் பாஷையைப் பேசவே கற்றுக்கொண்டவள். எஸ்டேட் பங்களாவில் தங்கியிருந்த கொரிய ஓவியர் சோயோனுக்கு அவள்தான் வாய். சோயோன் ஒரு மாதம் அத்தாயியின் காட்டோரம் உட்கார்ந்து, வீடு, ராகி, கோழிக்கூடு எல்லாவற்றையும் ஒரு பலாப் பலகையில் செதுக்கி, மை தடவி, முப்பத்தைந்தே முப்பத்தைந்து படம் அச்செடுத்தார். அதற்குமேல் யாரும் ஒன்றுகூட எடுத்துவிடக் கூடாதென்று, அவர்கள் தொழில் வழக்கப்படி, பலகையின் குறுக்கே உளியால் இரண்டு கோடு இழுத்தார். அன்று செவ்வாய்க்கிழமை. மணி பத்தேகால்.

அத்தாயி ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினார். அவர் கோபத்தின் சூட்டில் வழிநெடுகக் காப்பிக் காய்கள் மூன்று மாதம் முன்னதாகவே பழுத்தன. கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை.

“ஏனுங்க, எங்க ஊட்டுக் காப்பியக் குடிச்சுக்கிட்டே எங்காட்ட வரைஞ்சீங்க. வரையறதுக்கும் கேக்கல, கிழிக்கறதுக்கும் கேக்கல. எம்பட காடு என்ன உங்க சிலேட்டுங்களா? மொதல்ல அந்தக் கோட்ட மூடுங்க.”

பர்ஹானாவுக்குத் தெரிந்த கோபமெல்லாம் தொடர்களில் மாமியார் மருமகளை விரட்டுகிற கோபம். அதையே எடுத்து விட்டாள். சோயோன் அப்படியே மண்டியிட்டுவிட்டார்.

“இதுக்கு மேல எடுக்க மாட்டேன்னு, படம் வாங்குன முப்பத்தஞ்சு பேருக்கு வாக்குக் குடுத்துட்டாங்களாம் அத்தாயிம்மா. கோட்ட மூடினா, இன்னும் படம் எடுப்பாங்கன்னு அவங்க சந்தேகப்படுவாங்களாம்.”

“மூடின பலகைய நான் கொண்டுட்டுப் போறேன். எங்கிட்ட வந்து எவன் படம் எடுப்பான்னு கேளு கண்ணு.”

பர்ஹானா அதைச் சொல்லி முடிப்பதற்குள் சோயோன் எழுந்து உளியை எடுத்துவிட்டார்.

பலாக் கட்டையைச் சீவிச் சீவி, பசை வைத்து, சோயோன் கோட்டுக்குள் பொருத்தத் தொடங்கினார். அத்தாயி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மூன்று நாள் கண் இமைக்கவில்லை. பலகையில் ஒரு சில்லு இறங்கியபோதெல்லாம் கரடியூரில் நாலடிப் பள்ளம் மூடிக்கொண்டது. பக்கத்துக் காட்டு வெங்கடாசலம் பள்ளத்தோரம் நின்று பர்ஹானாவுக்குப் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்: “ராகிப் பக்கம் மூடிருச்சுங்க. கோழிக்கூட்டுக்கிட்ட மட்டும் நொம்ப ஆழமா ஒரு முழம் நிக்குது, அங்க கொஞ்சம் அழுத்தச் சொல்லுங்க!” கடைசிச் சில்லு இறங்கியதும் கோழிகள் நடந்தே கூட்டுக்கு வந்து சேர்ந்தன. போன ராகி போனதுதான். அதற்காக அத்தாயி சோயோனை இன்றுவரை மன்னிக்கவில்லை.

வருஷம் நான்கு ஆகிறது. முப்பத்தாறாவது படம் எடுக்க யாரும் வரவில்லை. பலகை அத்தாயி வீட்டில் ராகி மூட்டைகளின் மேல் இருக்கிறது. கோடையில் அவர் அதன்மேல் ஒரு கை தண்ணீர் தெளித்தால் அவர் காட்டில் மட்டும் மழை பெய்யும். பலகையின் ஓரத்தில் வெங்கடாசலத்தின் வீட்டுக் கூரையும் கொஞ்சம் பதிந்திருக்கிறது. வேலித் தகராறு என்று அவர் வாயைத் திறந்தால் அத்தாயி உள்ளே போய்ப் பலகையை இறக்கி வைத்துக்கொண்டு கத்தியைத் தேடுவார். வெங்கடாசலம் வேலியைத் தன் பக்கமாகவே ஓர் அடி தள்ளி நட்டுக்கொள்வார்.