மூன்றாம் மாடியில் அமலான மசோதா

யாராவது சட்டென்று சரி என்று சொல்லிவிட்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். முப்பது வருஷம் சாந்தோம் பள்ளியில் குடிமையியல் பாடம் நடத்தியவள் நான். வேகமாகக் கை தூக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது.

துணிக்கடைப் பெண்கள் வேலைக்கு நடுவே கழிப்பறை போக உரிமை வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்ததை, எம்.பி. ஜவஹர் ஒரே பேச்சில் ஏற்றுக்கொண்டார். அப்போதே எனக்கு இடித்தது. எழுதியது பக்கத்து வீட்டு ஜைதூனுக்காக. தி.நகர் கடையில் மூன்றாம் மாடியில் புடவை விரித்துக் காட்டுகிறவள். அடக்கி அடக்கி, சிறுநீர்த் தொற்று வந்து இரண்டு முறை படுத்துவிட்டாள். இன்னொரு முறை வந்தால் கிட்னி தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் மாநிலங்களவையில் அந்த மசோதா அறிமுகம். செல்போனில் பார்த்தேன். ஜவஹர் எழுந்து அனுமதி கேட்டார். சம்மதமா என்றார் அவைத்தலைவர். நாலு குரல் 'ஆம்' என்றது. அவ்வளவுதான், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சாயங்காலமே மசோதா வாட்ஸப்பில் வந்தது. ஜைதூன் அதைப் பிரிண்ட் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குக் காலி இருக்கைகள்தான் கண்ணிலேயே நின்றன.

திங்கட்கிழமை ஆழ்வார்பேட்டையில் இருக்கும் எம்.பி. அலுவலகத்துக்குப் போனேன். உதவியாளர் சங்கரன் கேட்காமலே காபி கொடுத்தார். அந்தக் காபியும் எனக்குப் பிடிக்கவில்லை.

"விவாதம் எப்போ?"

"வரிசையில இருக்கு, ஜொவிட்டா மேடம். மாநிலங்களவையில நிறைவேறினாத்தான் மக்களவைக்குப் போகும்."

"சாரோட பதவிக்காலம் எப்போ முடியுது?"

அவர் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். "அடுத்த மாசம்."

"அப்புறம் மசோதா?"

"தனிநபர் மசோதா மேடம். கொண்டுவந்தவர் போனா, அதுவும் பட்டியல்லேர்ந்து போயிடும்."

"இது தெரிஞ்சேதான் கொண்டுவந்தாரா?"

அவர் என் டம்ளரை நகர்த்தி அந்த இடத்தையும் துடைத்தார். காபியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஜைதூனிடம் உண்மையைச் சொல்லிவிடத்தான் காத்திருந்தேன். வேலை முடிந்து சிரித்துக்கொண்டே வந்தாள்.

"டீச்சர், இன்னிக்கு ரெண்டு தபா போனேன்! எங்க போறேன்னு சூப்பர்வைசர் கத்துனான். பேப்பர நீட்டுனேன். பார்லிமெண்டுன்னு பார்த்ததும் மொதலாளிகிட்ட ஓடுனான். இப்போ மூணாவது மாடில எல்லா பொண்ணுங்களும் போய்க்கினு கீறாங்கோ. சட்டம் வந்துட்ச்சில்ல, டீச்சர்?"

பொய் சொன்ன பிள்ளைகளை பெஞ்சு மேல் ஏற்றியவள் நான். தாளை வாங்கினேன். 'அறிமுகம் செய்யப்பட்டபடி' என்று முதல் வரியிலேயே இங்கிலீஷில் இருந்தது; இன்னும் சட்டமாகவில்லை என்று அர்த்தம்.

அந்த வரியைப் பின்பக்கமாக மடித்தேன்.

"இப்படியே லேமினேஷன் போட்டுக்கோ. யார் கையிலயும் குடுக்காதே."