திரும்பி வராத கிளாஸ்

"மாப்பிள்ளை, மொதல்ல கீழ இறங்குங்க. வர்றவங்க எல்லாம் உங்களைத்தான் கேட்கிறாங்க."

பெரிய மச்சான் கீழே நின்று சத்தம் போட்டார். தோட்டக்காரர் காதில் வாங்காதவர் போல, தொட்டிக்கு மேலே போட்டிருந்த பலகையில் நின்று, நுனியில் தட்டு வைத்த நீளக் கம்பால் திராட்சைத் தோலை உள்ளே அமுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக் கூடத்தில் மனைவியைக் கிடத்தியிருக்கிறது. சாயங்காலம் எடுக்க வேண்டும். துக்கத்துக்கென்று மச்சான் வாங்கி வந்த புது வெள்ளைச் சட்டையில் முழங்கை வரைக்கும் ஊதாக் கறை ஏறிவிட்டது.

"பொண்டாட்டியக் கூடத்துல போட்டுட்டு ஒயினைக் கலக்கிக்கிட்டு நிக்கிற மனுஷனை நான் இப்பத்தான் பார்க்கிறேன்."

"அமுக்கலேன்னா தோல் மேல மிதந்து காய்ஞ்சிடும் மச்சான். அப்புறம் தொட்டி பூராவும் காடிதான்."

"ஆகட்டுமே! ஒரு தொட்டி போனா என்ன, குடியா முழுகிப் போயிடும்?"

பெரிய மச்சான் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். தங்கை போன சேதி கேட்டு ரயிலைப் பிடித்து வந்து இறங்கியதிலிருந்து இந்த வீட்டில் எல்லாம் நேரப்படிதான் நடக்கிறது. நாற்காலி வர ஒரு நேரம், வண்டி வர ஒரு நேரம், எடுக்க ஒரு நேரம். அழுவதற்கு மட்டும் அவர் நேரம் ஒதுக்கவில்லை, அதனால் இன்னும் அழவில்லை. பாவம், அவருக்கும் ஒரு நாள் அது வரும்.

தோட்டக்காரர் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஏணியில் இறங்கினார். மூன்றாவது படியை மட்டும் மிதிக்காமல் தாண்டினார். நேற்று மத்தியானம் அவள் அந்தப் படியில்தான் உட்கார்ந்திருந்தாள், தொட்டியில் தலையைச் சாய்த்து. தூங்குகிறாள் என்று நினைத்து, "ஏய் மூக்கி, வீட்டுல போய்ப் படு" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போயிருக்கிறார். நெஞ்சுவலி என்று அப்புறம் டாக்டர் சொன்னார்.

மூக்கி என்பது அவர் வைத்த பெயர். திராட்சைச் சாறு ஒயினாகிற கிடங்கு முழுக்க அவள் ராஜ்ஜியம். மூடின பீப்பாய்க்குப் பக்கத்தில் நடந்துபோனாலே உள்ளே என்ன நடக்கிறதென்று சொல்லிவிடுகிற மூக்கு. கொடியும் மண்ணும் அவர் பொறுப்பு. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த எல்லைக்கோட்டில் நின்றுதான் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அந்தச் சண்டைதான் குழந்தை மாதிரி ஓடி விளையாடிக்கொண்டிருந்தது.

"ஒயின் மேட்டுலயே முக்காவாசி ஆயிடுது. நீ பண்றது மிச்சம்" என்பார் இவர்.

"அப்ப மிச்சத்தையும் அங்கேயே பண்ணிக்குங்க. பாட்டில் கொடியிலயே காய்க்கட்டும்" என்பாள் அவள்.

மேடு என்றால் மேட்டுத் தோட்டம். ஓடைப்பக்கம் இருக்கிற பள்ளத்தில் தண்ணீருக்குக் குறைவில்லை. பழம் கொழுகொழுவென்று வரும், பிழிந்தால் சாறு கொட்டும், ருசி மட்டும் பேருக்குத்தான். மேட்டிலோ மண் என்று சொல்லவே மனசு வராது, அத்தனையும் சரளைக்கல். வேர் தண்ணீரைத் தேடி ஆழத்துக்குப் போக வேண்டும். பழம் பட்டாணி அளவு, தோல் தடிப்பு. பகலெல்லாம் வெயில் காய்ச்சும், இருட்டினால் குளிர் இறங்கும். அதனால் இனிப்பு ஏறினாலும் புளிப்பு விட்டுப்போகாது. அந்தப் பழத்தைத் தோலோடும் கொட்டையோடும் தொட்டியில் போட்டு நுரைக்க விடும்போதுதான் நிறமும் துவர்ப்பும் சாற்றில் இறங்கும். ஒரு நாள் முந்திப் பிழிந்தால் சப்பென்று இருக்கும். ஒரு நாள் பிந்தினால் கசப்பு இறங்கி நாக்கை வறட்டும். எந்த நாள் பிழிவது என்று சொல்வது அவள். அதில் மட்டும் அவர் வாயைத் திறக்க மாட்டார்.

இந்த வருஷம் அவள் பறிக்கச் சொன்ன அன்றைக்கு இவர் பறிக்கவில்லை. கொட்டையைக் கடித்துப் பார்த்து, இன்னும் பச்சையாக இருக்கிறது, ஒரு வாரம் போகட்டும் என்று அடம்பிடித்தார். அந்த வாரம் பார்த்து மழை கொட்டித் தீர்த்தது. நனைந்துகொண்டே பறித்து, அழுகினதைப் பொறுக்கி எறிந்து, எப்படியோ கொண்டுவந்து சேர்த்தார்கள்.

"உங்க பிடிவாதத்தைத்தான் இந்த வருஷம் தொட்டியில போட்டிருக்கேன்" என்றாள் அவள். "கெட்டுப்போச்சுன்னா மொத்தத்தையும் உங்க தலையிலதான் ஊத்துவேன்."

அது கெட்டதா நல்லதா என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள். நேற்றிலிருந்து அவர் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது அந்த ஒன்றுதான். அவள் கடைசியாகக் கைவைத்த ஒயின். தன்னால் அது பாழாகியிருந்தால்?

கூடத்தில் அவளுக்குத் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார். யாரோ முகத்தைத் துடைத்து, தலையை வாரிவிட்டிருந்தார்கள். விரல்களில் மட்டும் கறை போகவில்லை. அது எந்தச் சோப்புக்கும் போகாது, அவருக்குத் தெரியும். அந்த விரலைத் தன் கறைபிடித்த கையில் எடுத்து வைத்துக்கொண்டார். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து ஏதோ சொன்னார்கள். அவரும் தலையை ஆட்டினார்.

"அத்தான்."

பின்கட்டு வாசலில் சின்னவள் நின்றாள். மனைவியின் தங்கை. கிடங்கில் அக்காவோடு கூடவே நின்று வேலை செய்பவள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் ஒரு சின்னக் கண்ணாடி கிளாஸ், அதில் இரண்டு வாய் ஒயின்.

அவர் எழுந்து போனார். "இப்ப எதுக்கும்மா இது?"

"ஒரு வாய் குடிங்க."

"எனக்கு என்னம்மா தெரியும் இதுல? நீ பாரு."

"நான் பார்த்தாச்சு. காலையிலேருந்து குடிச்சுக் குடிச்சு என் நாக்கு மரத்துப்போச்சு. நீங்க குடிங்க, அத்தான். கெஞ்சிக் கேட்கிறேன்."

அதற்குள் பெரிய மச்சான் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். "அட கடவுளே! பொணம் கெடக்கிற வீட்டுல இதென்ன கூத்து?"

"அண்ணா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் சின்னவள். அண்ணனை அவள் இப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

தோட்டக்காரர் கிளாஸை வாங்கினார். தினமும் காலையில் இதே மாதிரிதான் நடக்கும். பிழியும் நாள் நெருங்கினால் அவள் ஒரு கிளாஸோடு தோட்டத்துக்கு ஏறி வருவாள், நீட்டுவாள், "ம்?" என்பாள். இவர் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்பார். எப்படி இருந்தாலும் அதையேதான் சொல்வார். கல்யாணமான புதிதில் ஒரு தடவை உள்ளதைச் சொல்லப்போய், அன்றைக்கு முழுக்க அவள் சாப்பிடவில்லை. அதிலிருந்து நல்லா இருக்கு, நல்லா இருக்கு, நல்லா இருக்கு. நேற்றும் அதேதான். "உங்க வாயில வேற எது வந்திருக்கு?" என்று சிரித்துக்கொண்டே மேட்டிலிருந்து இறங்கிப் போனாள். இத்தனை வருஷம் அவளை ஏமாற்றிவிட்டதாக அவருக்குள் ஒரு சின்னப் பெருமைகூட உண்டு.

குடித்தார். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார்.

"நல்லா இருக்கு."

சின்னவள் அவர் முகத்தையே பார்த்தாள், பிறகு கையைப் பார்த்தாள். சட்டென்று திரும்பிக் கிடங்கில் நின்ற வேலையாட்களுக்குக் குரல் கொடுத்தாள். "தொட்டியைத் திறங்கப்பா! பிழிஞ்சிடலாம்!"

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? நான் எப்பவும் அப்படித்தான் சொல்வேன். அதை நம்பியா தொட்டியைத் திறக்கிறே?"

"நீங்க சொல்றதை யாரு கேட்டா?" சின்னவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அக்கா ஒரு நாளாவது கேட்டான்னு நினைச்சீங்களா? துவர்ப்பு ஏறிடுச்சுன்னா நாக்கால முன்பல்லைத் தடவுவீங்க. புளிப்புன்னா இடது கண்ணு சுருங்கும். சப்புன்னு இருந்தா ஒடனே வானத்தைப் பார்த்து மழையைத் திட்டுவீங்க. வாய் மட்டும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு பாடும். கீழ வந்து எங்கிட்ட அப்படியே நடிச்சுக் காட்டுவா. நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம்."

அவர் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவளுக்கா தெரியாது? அந்த மூக்கை வச்சுக்கிட்டு என் முகத்தை எதுக்குப் பார்க்கணும்?"

"நாள் பூரா ருசி பார்த்தா எந்த நாக்கும் மரத்துத்தான் போகும் அத்தான். அதுவுமில்லாம, கொடியிலேயே கடிச்சுப் பார்த்தவரு அவரு, அந்தப் பழத்துல எவ்வளவு இருந்துச்சுன்னு அவருக்குத்தான் தெரியும்பா அக்கா. அவரு முகத்தைப் பார்க்காம இன்னிவரைக்கும் ஒரு தொட்டியும் நான் பிழிஞ்சதில்லைம்பா."

கிடங்கில் குழாய் திறந்து சாறு விழுகிற சத்தம் கேட்டது. பெரிய மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கொண்டார்.

தோட்டக்காரர் சின்னவளிடம் ஒரு அடி நெருங்கினார். கேட்டே ஆக வேண்டும்.

"நேத்து? நேத்து வந்து என்ன சொன்னா?"

"நேத்து ஒண்ணுமே நடிச்சுக் காட்டல. வெறுங்கையை ரெண்டையும் விரிச்சுக் காட்டினா, அவ்வளவுதான். 'அந்த மனுஷன் ஜெயிச்சுட்டாரு, நாளைக்கும் ஒரு வாய் குடுத்துட்டுப் பிழிஞ்சிடுவோம்'னா."

"வெறுங்கைன்னா?"

"ரொம்ப நல்லா இருந்தா நீங்க கிளாஸைத் திருப்பித் தர மாட்டீங்க அத்தான். பேசிக்கிட்டே கையிலயே வச்சுக்குவீங்க. அப்புறம் எங்கயாவது கம்பத்து மேல வச்சிட்டு மறந்துடுவீங்க. கொடி கழிக்கும்போது தோட்டத்துல கிளாஸ் கிளாஸா கெடைக்குதே, எப்படின்னு நினைச்சீங்க?"

கிடைக்கும். ஒவ்வொரு தடவையும் அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "வீட்டுக் கிளாஸெல்லாம் தோட்டத்துல நட்டு வைக்கிறீங்களா? மொளைக்குமா?" என்று திட்டுவாள். இவரும் அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார். திட்டும்போது அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். நேற்றிலிருந்து வராத அழுகை, சத்தமாகவே வந்தது. பெரிய மச்சான் பக்கத்தில் வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். எடுக்கிற நேரம் தாண்டிப்போயிற்று. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வண்டி மேட்டுத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனது. பறித்து முடித்த கொடிகளில் இலைகள் சிவக்கத் தொடங்கியிருந்தன. கல்லறைத் தோட்டமும் அதே மேட்டின் மறுபக்கம்தான். குழி வெட்டினவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கடப்பாரை இல்லாமல் ஒரு அடிகூட இறங்கவில்லை என்று புலம்பினார்கள். அத்தனையும் சரளைக்கல்.

பெட்டியை இறக்கியானதும் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். முதல் பிடி மண் அவர்தான் போட வேண்டும்.

"மாப்பிள்ளை" என்று பெரிய மச்சான் மெல்லக் கூப்பிட்டு, கையை நீட்டினார். "அந்தக் கிளாஸை இப்படிக் குடுங்க."

சின்னவள் அண்ணனின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

தோட்டக்காரர் குனிந்து தன் கையைப் பார்த்தார். பிறகு கிளாஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் மண்ணை அள்ளினார்.